குழல் மாற்றும் துப்பாக்கி: தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு வேட்டை வரலாறு

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கூடுவாஞ்சேரி வழியாகச் செங்கல்பட்டுக்கு ரயிலில் செல்வோர் கண்ணுக்கு இன்று பெரும்பாலும் கட்டடங்களே தென்படுகின்றன. நூறாண்டுகளுக்கு முன் இது ஏரியும் நெல்வயலும் முட்புதர்க்காடும் மாறிமாறி வந்த நிலம். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் வந்தமர்ந்த சேலையூர் வளாகத்தில் அந்தப் புதர்க்காட்டின் மிச்சத்தை நாம் இன்றும் காணலாம்.

நிலம் கலவையாக இருந்ததால் வேட்டையும் கலவையாக இருந்தது. அறுவடை வயலில் உள்ளான், ஏரியில் கிளுவையும் தாராவும், புதரில் கௌதாரியும் முயலும், திறந்த வெளியில் வெளிமான். உள்ளானுக்கான பொடி ரவை மானை வீழ்த்தாது. மானுக்கான குண்டு உள்ளான்மேல் பட்டால் இறகுதான் மிஞ்சும். ஆகவே வேட்டைக்குக் கிளம்பிய எவர் முன்னும் ஒரு கேள்வி நின்றது. துப்பாக்கிகள் பலவா, எல்லாவற்றுக்கும் உதவும் ஒன்றா?

வெள்ளைக்காரர்கள் இதற்குக் காசால் விடை கண்டார்கள். கடிகாரத்துக்கும் நகைக்கும் பெயர்போன மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ், தன் பெயர் பொறித்த துப்பாக்கிகளையும் விற்றது. நடுவில் மடியும் துப்பாக்கியில் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியே கையோடு வந்துவிடும். ரவைக்கு ஒரு வழுவழுப்பான குழல், குண்டுக்கு ஒரு புரிகுழல் என இரண்டையும் ஒரே அடிக்கட்டைக்குப் பொருத்தி ஒரே பெட்டியில் அடுக்கித் தருவது இங்கிலாந்துக் கம்மியர் வழக்கம். மயிரிழை பிசகாமல் அரத்தால் இழைத்துப் பொருத்த வேண்டிய வேலை அது. ஒருவர் குழல் இன்னொருவர் கட்டையில் உட்காராது. (வாங்கியவரே வீட்டில் ஓர் ஆணியைத் தட்டிக் குழல் மாற்றும் ஒற்றைத்தோட்டா ஆயுதம் பரவலானது, அமெரிக்காவில் 1967இல் தாம்சன்/சென்டர் கன்டென்டர் வந்த பிறகுதான்.) இன்னொரு வழியும் இருந்தது. 1885இல் ஃபாஸ்பரி காப்புரிமை பெற்று, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 'பாரடாக்ஸ்' என்று விற்ற துப்பாக்கியில் குழலின் கடைசிச் சில அங்குலங்களில் மட்டும் புரி வெட்டியிருக்கும். ரவை, குண்டு இரண்டும் அதில் செல்லும்.

ஆனால் இந்தியாவில் துப்பாக்கியைத் தேர்ந்தவர் வேட்டைக்காரர் மட்டுமல்லர், சட்டமும்தான். 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் .450 விட்டமுள்ள தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வரத் தடை விழுந்தது. படையிலிருந்து களவுபோன மார்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அவை பயன்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம். லண்டன் கம்மியர்கள் .465, .470 என்று புதிய அளவுகளைத் தேடி ஓடினார்கள். யானை வேட்டைக்காரர்கள் இன்றும் வியந்து பேசும் .470, ஓர் அரசின் பயத்தில் பிறந்தது என்பதை நாம் கொஞ்சம் ரசிக்கலாம்.

அதே அரசு 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தபோது ஐரோப்பியருக்கு விலக்களித்தது; இந்தியர் உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. இவ்விடத்தில்தான் இதே ஏரிக்கரைகளில் திரிந்த நரிக்குறவர் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரே குழல். வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ திணித்து, கம்பியால் கிட்டித்து, மேலே ரவையை இட்டு, கேப் வைத்துச் சுட வேண்டும். ஒரு வெடிதான், தவறினால் பறவை போய்விடும். எனினும் நம் கேள்விக்கு மிகச் சிக்கனமான விடை இதுவே என்பது நம் கருத்து. சாகேபு குழலை மாற்றினார்; குறவர் குழலுக்குள் இடுவதை மாற்றினார். மருந்தின் அளவைக் கை அறியும். காடைக்குப் பொடி ரவை, நரிக்குப் பருத்த ரவை, வேண்டுமானால் ஒற்றைக் குண்டு. கண்ணியும் வலையும் குரல்போலி அழைப்பும் சேர்ந்த தொழிலில் துப்பாக்கி ஒரு கருவி மட்டுமே.

துப்பாக்கியே வேண்டாம் என்றவர்களும் இப்பக்கத்தில் உண்டு. வேடந்தாங்கல் உழவர்கள், தம் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறாமல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுக் கவுல் பெற்றார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரம். வேட்டையால் வந்ததைவிட அது பெரிய வரவு.

சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் ஆளைவிடக் குழலையே முதலில் பார்க்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழலைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கும், பயிர்காக்க வாய்வழித் துப்பாக்கி கேட்பவருக்கும் ஒரு வழி. புரிகுழல் கேட்பவர் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும். துப்பாக்கியின் உறுப்பும் ஆயுதமே என்பதால், பெட்டியில் கிடக்கும் இரண்டாவது குழலும் சட்டத்தின் கண்ணில் வெறும் இரும்பன்று.

1972இன் வனவிலங்குச் சட்டம் உரிமம் பெற்ற வேட்டைக்குச் சிறு இடம் விட்டிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் மூடிற்று. இரட்டைக் குழல் பெட்டி வைத்திருந்தவர் இழந்தது ஒரு பொழுதுபோக்கு. நரிக்குறவர் இழந்தது சோறு. ஊசிமணி பாசிமணி விற்பனை அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை. நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். வேட்டை உரிமம் முடிந்து முப்பத்தோராண்டுகள் கழித்து.