கோபுரத்தை நோக்கிய ஓட்டம்



கடந்த சனிக்கிழமை எங்கள் சபையின் விளையாட்டு விழா நடைபெற்றது. சிறுவர்களுக்கான தடை ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும்படி கொடியை என் கையில் கொடுத்தார்கள். பிள்ளைகள் சாக்குப்பைக்குள் கால்களை விட்டுத் துள்ளினார்கள், பெஞ்சுகளைத் தாண்டினார்கள், தரையோடு விரித்த வலைக்கு அடியில் தவழ்ந்தார்கள். ஒரு சிறுவனின் கால் வலையில் சிக்கியது. அவன் தலையை உயர்த்திப் பார்ப்பதற்குள் மற்றவர்கள் அவனைக் கடந்து போய்விட்டார்கள். அது போட்டி, அந்தப் பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை. ஆயினும் அந்த வலையும் அந்தச் சிறுவனின் முகமும் அன்று இரவு என்னை உறங்கவிடவில்லை. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், தடை ஓட்டத்தின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒலிம்பிக் விளையாட்டுகளில் ‘ஸ்டீபிள்சேஸ்’ என்றொரு ஓட்டம் உண்டு. நம் செய்தித்தாள்களும் அதை அப்பெயராலேயே குறிப்பிடுகின்றன. அப்பெயரின் பொருளை அறிந்தவர்கள் சிலரே. ‘ஸ்டீபிள்’ என்றால் ஆலயத்தின் கூர்ங்கோபுரம். ‘சேஸ்’ என்றால் விரட்டிச் செல்லுதல். ஆக, கோபுரத்தை நோக்கி விரைந்தோடுவது என்பதே அதன் பொருள்.

இப்பெயர் அயர்லாந்தில் பிறந்தது. 1752ஆம் ஆண்டில் கார்க் பகுதியைச் சேர்ந்த கார்னீலியஸ் ஓ’கேலகன், எட்மண்ட் பிளேக் என்னும் இருவர் குதிரைப் பந்தயம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள் என்பது மரபுவழிச் செய்தி. பட்டிவன்ட் ஊரின் ஆலயத்திலிருந்து புறப்பட்டு, டொனரேல் ஊரில் உள்ள பரிசுத்த மரியாள் ஆலயத்தை முதலில் சென்றடைபவரே வென்றவர். தொலைவு ஏறத்தாழ நான்கு மைல். பந்தயத்திற்கென்று பாதை ஏதும் வகுக்கப்படவில்லை. வழியில் கல்மதில்கள் இருந்தன, வேலிகள் இருந்தன, ஓடைகள் இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டியே போகவேண்டும். அக்காலத்து நாட்டுப்புறத்தில் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் உயர்ந்த கட்டடம் ஆலயக் கோபுரம்தான். ஆகையால் அதுவே அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. தடைகள் எத்தனை, எங்கெங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. போய்ச்சேர வேண்டிய இடம் மட்டும் தெரியும். விசுவாச வாழ்க்கையும் ஏறக்குறைய இத்தகையதே.

குதிரைகள் ஓடிய இவ்வோட்டத்தை மனிதர்கள் தங்கள் கால்களால் ஓடத் தொடங்கியது அடுத்த நூற்றாண்டில். 1850ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் எக்சீட்டர் கல்லூரி மாணவர்கள் வயல்வெளிகளின் ஊடே, தடைகளைத் தாண்டி ஓடும் போட்டியொன்றை நடத்தினார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 2500 மீட்டர், 4000 மீட்டர் என இரண்டு ஸ்டீபிள்சேஸ் போட்டிகள் நடைபெற்றன. 1920ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் முதல் 3000 மீட்டர் என்னும் தொலைவு நிலைபெற்றது. ஆலயங்களும் வயல்களும் மறைந்து, வட்டமான ஓடுதளம் வந்தது. கல்மதிலுக்குப் பதிலாக மரத்தடைகளும், ஓடைக்குப் பதிலாக ஒரு நீர்க்குழியும் வைக்கப்பட்டன. பெயரில் மட்டும் கோபுரம் எஞ்சியது.

இன்று இவ்வோட்டத்தில் ஒருவர் 28 தடைகளையும் 7 முறை நீர்க்குழியையும் தாண்டவேண்டும். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2 சென்டிமீட்டர். நூறு மீட்டர் தடை ஓட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் கால் பட்டால் தடை சாய்ந்துவிடும். ஸ்டீபிள்சேஸ் தடையோ சாயாது. அதன் எடை 80 கிலோவுக்குக் குறையாது. அதில் மோதுபவர்தான் விழுவார். ஆனால் சாயாத அந்தத் தடைக்கு இன்னொரு தன்மையும் உண்டு. அதன்மேல் காலை ஊன்றலாம். விதி அதை அனுமதிக்கிறது. நீர்க்குழிக்கு முன்னுள்ள தடையில் பல வீரர்கள் ஒரு காலை ஊன்றி, அதையே உந்தி அப்பால் பாய்கிறார்கள். குழியின் நீர் தடையின் அருகே ஆழமாகவும், தள்ளிப்போகப் போக ஆழம் குறைந்தும் இருக்கும். நன்றாக உந்திப் பாய்ந்தவரின் கால் குறைந்த நீரில் இறங்கும். தயங்கித் தாண்டியவரின் கால் ஆழத்தில் இறங்கும். நம் வாழ்விலும் எவ்வளவு தள்ளினாலும் அசையாத தடைகள் சில உண்டு. அவை அகலவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் மன்றாடுகிறோம். சில வேளைகளில் அவை அகற்றப்படுவதில்லை. நாம் காலூன்றும் இடமாக அவை மாறுகின்றன. இதைத் துன்பத்தின் ஊடே நடந்து வந்த மூத்த விசுவாசிகள் என்னைக் காட்டிலும் நன்றாக அறிவார்கள்.

இவ்வோட்டத்தின் வரலாற்றில் என் மனத்தை விட்டு அகலாத நிகழ்ச்சி 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நடந்தது. பின்லாந்து நாட்டின் பாவோ நூர்மி, அதற்குள் ஒன்பது ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றிருந்த மாபெரும் வீரர். ஸ்டீபிள்சேஸ் தகுதிச் சுற்றில் அவர் நீர்க்குழியில் விழுந்துவிட்டார். அப்போது அவரோடு ஓடிக்கொண்டிருந்த பிரான்சு நாட்டு வீரர் லூசியன் டுக்கேன் தம் ஓட்டத்தை நிறுத்தி, நூர்மியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். தம்மைவிட வலியவர், தாம் வெல்ல இயலாதவர் விழுந்து கிடக்கும்போது அதைத் தமக்கு வாய்த்த நேரமாக அவர் கொள்ளவில்லை. நூர்மி அதிகம் பேசாதவர், முகத்தில் உணர்ச்சியைக் காட்டாதவர் என்று பெயரெடுத்தவர். அன்று அவர் தம் நன்றியை ஓட்டத்தாலேயே தெரிவித்தார். எழுந்தபின் டுக்கேனுக்கு முன்னால் ஓடி வேகம் அமைத்துக் கொடுத்து, அவரையும் தம்மோடு கூட்டிக்கொண்டு மற்றவர்களைக் கடந்தார். முடிவுக் கோட்டில் முதலிடத்தை டுக்கேனுக்கே விட்டுக்கொடுக்கவும் முன்வந்தார். டுக்கேன் அதைப் பணிவோடு மறுத்துவிட்டார். இறுதிப் போட்டியில் நூர்மிக்கு வெள்ளி கிடைத்தது. டுக்கேனுக்குப் பதக்கம் இல்லை. ஆயினும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றபின்னும் அவர் பெயரை நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் வேறொன்று நிகழ்ந்தது. சுற்றுகளை எண்ணும் பொறுப்பில் இருந்தவர் ஒரு சுற்றை எண்ணத் தவறிவிட்டார். 3000 மீட்டர் ஓடவேண்டிய வீரர்கள் ஏறத்தாழ 3460 மீட்டர் ஓடினார்கள். பின்லாந்தின் வோல்மாரி இசோ-ஹொல்லோ முன்னணியில் தொடர்ந்து வென்றார். உரிய தொலைவு முடிந்தபோது இரண்டாம் இடத்தில் இருந்தவர் அமெரிக்காவின் ஜோ மெக்லஸ்கி. தவறாகக் கூடிய அந்தச் சுற்றில் பிரிட்டனின் தாமஸ் எவன்சன் அவரை முந்திவிட்டார். வெள்ளி வெண்கலமாயிற்று. மீண்டும் ஓடிப்பார்க்கும் வாய்ப்பு இருந்தும் மெக்லஸ்கி அதை ஏற்கவில்லை. தமக்கு நேர்ந்த அநீதியை அவர் இன்னொருவரின் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றித் தீர்த்துக்கொள்ளவில்லை. பிறருடைய தவறினால் நம் ஓட்டம் நீண்டுபோகும் காலங்கள் உண்டு. அந்நாள்களில் இம்மனிதரை நினைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக ஒருவரைச் சொல்லவேண்டும். கென்யாவின் கிப்சோகே கெய்னோ 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். 1972ஆம் ஆண்டு மியூனிக்கில், தமக்கு அதிகம் பழக்கமில்லாத ஸ்டீபிள்சேஸில் இறங்கி அதிலும் தங்கம் வென்றார். சிறுவயதிலேயே தாயை இழந்தவர் அவர். அவரும் அவர் மனைவி ஃபில்லிசும் எல்டோரெட் நகரில் ஆதரவற்ற குழந்தைகளைத் தம் இல்லத்தில் ஏற்று வளர்த்தார்கள். பின்னர் அவர்களுக்காகப் பள்ளியும் கட்டினார்கள். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், ‘ஒலிம்பிக் லாரல்’ என்னும் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் கெய்னோ. அவர் தாண்டிய தடைகளுக்காக அன்று. வழியில் தூக்கி நிறுத்திய பிள்ளைகளுக்காகவே அவ்விருது.

இப்போது என் காரியத்தைச் சொல்லவேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்குமுன் நான் இறையியல் கல்லூரியில் பயின்றபோது, ஆண்டு விழாவில் தடை ஓட்டம் வைத்தார்கள். நானும் என் அறைத்தோழரும் முன்னணியில் இருந்தோம். வலைக்கு அடியில் தவழ்கையில் அவர் கால் சிக்கிக்கொண்டது. என் பெயரைச் சொல்லி அழைத்துக் கையை நீட்டினார். நான் கேட்டேன், கேளாதவன்போல் கடந்துபோனேன். எவர்சில்வர் டம்ளர் ஒன்று முதற்பரிசாகக் கிடைத்தது. அன்று மாலை இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். விளையாட்டு அதோடு முடிந்தது என்று எண்ணினேன்.

முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, தொலைவான ஒரு கிராமத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த அவர் தம் மனைவியை இழந்தார். மனம் உடைந்து, ஊழியத்தைத் தொடர இயலாமல் தவித்தார். எனக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். பணம் கேட்கவில்லை, ஒருமுறை வந்து தம்மோடு உட்கார்ந்து ஜெபிக்கும்படி மட்டும் கேட்டிருந்தார். அந்த ஆண்டில் நான் ஆலயக் கோபுரம் கட்டும் பணியில் இருந்தேன். நன்கொடை திரட்ட வேண்டும், கொத்தனாருக்குக் கூலி கொடுக்க வேண்டும், பிரதிஷ்டை நாள் நெருங்குகிறது என்று எனக்கு ஆயிரம் காரணங்கள் இருந்தன. கோபுரம் குறித்த நாளில் எழும்பியது. என் தோழர் ஊழியத்தை விட்டு விலகியிருந்தார். அவருடைய கடிதங்களுக்கு நான் பதில் எழுதவேயில்லை.

நல்ல சமாரியன் உவமையை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன இருவரும் ஆலயப் பணிக்கு உரியவர்கள். அதைப் பிரசங்கித்த நான், அவ்விருவரின் வரிசையில் மூன்றாமவனாக நின்றேன். கோபுரத்தை நோக்கி ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே, வழியில் விழுந்தவரைக் கடந்துபோனேன். அப்படி ஓடியவன் கோபுரத்தை அடைந்தான் என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை இரவு உறக்கம் வராமல் எழுந்து அலமாரியைத் திறந்தேன். டம்ளர் இருந்தது, அதில் பொறித்த எழுத்துகள் தேய்ந்திருந்தன. செவ்வாய்க்கிழமை பேருந்து ஏறி என் தோழரைத் தேடிப் போனேன். ஒரு சிறு நகரத்தில், மகளின் வீட்டில் இருக்கிறார். மாலையில் அத்தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். என்னைக் கண்டதும், “ஐயரே, வாருங்கள்” என்று பழைய கேலியோடு அழைத்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அப்போது வந்திருக்கலாம்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நான் சுமக்கத்தான் வேண்டும். இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். விடைபெறும்போது, வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அன்பானவர்களே, இவ்வாரம் நீங்களும் ஏதோ ஒரு கோபுரத்தை நோக்கி விரைந்துகொண்டிருப்பீர்கள். பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், சபைப் பொறுப்பு என எல்லாமே அவசியமானவைதான். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லி யாரேனும் அழைத்திருக்கிறார்களா என்று ஒரு கணம் நின்று கேளுங்கள். பதில் எழுதாத கடிதம், எடுக்காத தொலைபேசி அழைப்பு, போகாமல் விட்ட துக்க வீடு ஏதேனும் இருக்கிறதா? டுக்கேன் நின்றது சில நொடிகள்தாம். நாமும் அவ்வளவு நேரம் நின்றால் போதும். காலம் கடப்பதற்குமுன் நிற்கவேண்டும்.

விழுந்தவர்களைத் தூக்கிவிடுகிற ஆண்டவர் தாமே, நம் கைகளையும் அப்பணிக்குப் பயன்படுத்துவாராக. ஆமென்.