வீட்டில் 'கட்டான்' பலகை விளையாட்டு: புதியவர்களுக்குக் கற்றுத்தருவது எப்படி?

ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் டாய்பர் வடிவமைத்து, 1995-இல் வெளியான உத்திசார் பலகை விளையாட்டு 'கட்டான்'. அதே ஆண்டில் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதையும் அது பெற்றது. 3 அல்லது 4 பேர் விளையாடலாம். ஓர் ஆட்டம் 60 முதல் 90 நிமிடங்கள் நீடிக்கும். புதியவர்கள் இருந்தால் கூடுதல் நேரம் தேவை.

விளையாட்டின் அடிப்படை

அறுகோண வடிவிலான 19 நிலத்துண்டுகள் சேர்ந்து ஒரு தீவாகின்றன. மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது ஆகிய 5 வளங்களைக் கொண்டு சாலை, குடியிருப்பு, நகரம் ஆகியவற்றை அமைக்க வேண்டும். முதலில் 10 புள்ளிகளை எட்டுபவரே வெற்றியாளர். பரமபதத்தில் பகடையே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இதிலோ இடத்தேர்வும் பண்டமாற்றும் முக்கியம்.

தொடக்க இடமே முக்கியம்

இரண்டு பகடைகளை உருட்டும்போது ஏற்படக்கூடிய 36 சேர்க்கைகளில் 6, 8 ஆகியவை தலா 5 முறை வரும். 2, 12 ஆகியவை தலா ஒருமுறை மட்டுமே. இதை அறியாமல் 2 அல்லது 12 எண்ணுள்ள நிலங்களின் அருகே குடியேறும் புதியவர், ஆட்டம் முழுவதும் வெறுங்கையுடன் அமர்ந்திருக்க நேரிடும். அவர் மறுமுறை விளையாட வருவது ஐயமே. எனவே, முதல் ஆட்டத்துக்கு விதிப்புத்தகத்தில் புதியவர்களுக்காகவே தரப்பட்டுள்ள நிலையான அமைப்பைப் பயன்படுத்துவது நல்லது.

விளக்கும் முறை

* வெற்றி இலக்கை முதலில் கூற வேண்டும். பின்னர் பகடை உருட்டுதல், பண்டமாற்று, கட்டுதல் என்ற வரிசையை விளக்கலாம்.
* கட்டுமானச் செலவு அட்டையை ஒவ்வொருவருக்கும் வழங்க வேண்டும்.
* பகடையில் 7 விழுந்தால், ஏழுக்கும் மேற்பட்ட வள அட்டைகளை வைத்திருப்போர் அவற்றில் பாதியை இழப்பர். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மனத்தாங்கல் ஏற்படும்.
* வளர்ச்சி அட்டைகளின் விவரங்களை, ஒருவர் முதன்முறையாக வாங்கும்போது விளக்கினால் போதும்.

நடத்துபவர் கவனத்துக்கு

புதியவரின் காய்களை நடத்துபவர் நகர்த்தக் கூடாது. ஆலோசனை கேட்டால், இரண்டு வழிகளைச் சுட்டிக்காட்டி முடிவை அவரிடமே விட வேண்டும். கொள்ளையன் காயைப் பின்தங்கியவரின் நிலத்தில் வைப்பதைத் தவிர்க்கலாம். ஐந்தாவதாக ஒருவர் வந்தால், இருவரை ஓர் அணியாக இணைக்கலாம். நேரம் குறைவெனில், 8 புள்ளிகளில் முடிப்பதென ஆட்டம் தொடங்கும் முன்பே உடன்பாடு செய்துகொள்ளலாம். முதல் நாளில் நடத்துபவர் வெல்வதைவிட, அனைவரும் ஓர் ஆட்டத்தைப் புரிந்து நிறைவு செய்வதே முக்கியம்.