அரைக்கால் மணி நேரத்தில் ஒரு 32 இலக்க எண்!

1 முதல் 1000 வரை உள்ள எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணையும் பத்து முறை எழுதிப் பெருக்குங்கள். அதாவது 1^10, 2^10, 3^10 என்று 1000^10 வரை. இதைத்தான் பத்தாம் அடுக்கு என்கிறோம். இந்த ஆயிரம் விடைகளையும் கூட்டினால் என்ன வரும்? கால்குலேட்டர் கிடையாது. தாளும் பேனாவும் மட்டும்தான்!

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜேக்கப் பெர்னோலி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த விடை:

91409924241424243424241924242500

மொத்தம் 32 இலக்கங்கள். இதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரத்தில் பாதிகூட ஆகவில்லை என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். கால் மணியில் பாதி என்றால் ஏழரை நிமிடம். நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் இதற்கு ஒரே சொல் இருக்கிறது: அரைக்கால்!

யார் இந்த பெர்னோலி?

மசாலாச் சரக்கு வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவின் விருப்பப்படி இறையியல் படித்தார். ஆனால் மனம் முழுக்கக் கணக்கில்தான் இருந்தது. 1687-ல் பாசெல் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

அடுக்குகளைக் கூட்டும் ஆசை அவருக்கு முன்பே பலருக்கு இருந்தது. வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கும் கனங்களின் கூட்டுத்தொகைக்கும் ஆரியபட்டர் 499-லேயே வழி சொல்லிவிட்டார். ஜெர்மனியின் உல்ம் நகரில் கணக்கு வாத்தியாராக இருந்த யோஹான் ஃபவுல்ஹாபர், 1631-ல் வெளியிட்ட நூலில் 17-ஆம் அடுக்கு வரை போனார். பிரான்ஸைச் சேர்ந்த வானியலாளர் இஸ்மாயேல் பூய்யோ 1682-ல் இதற்காகவே ஒரு பெரிய புத்தகம் போட்டார். அவ்வளவு உழைத்தும் முதல் ஆறு அடுக்குகளுக்கு மேல் அவர் போகவில்லை. அதையெல்லாம் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டேன் என்று பெர்னோலி கொஞ்சம் கர்வத்தோடே சொல்லிக்கொண்டார்.

எப்படி முடிந்தது?

எந்த அடுக்காக இருந்தாலும் கூட்டுத்தொகைக்கான சூத்திரத்தில் சில குறிப்பிட்ட பின்னங்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்று அவர் கண்டுபிடித்தார். 1/6, -1/30, 1/42, -1/30, 5/66... இவைதான் இன்று 'பெர்னோலி எண்கள்' என்று அழைக்கப்படுகின்றன. இவற்றை வைத்து ஆயிரம் பெருக்கல்களும் இந்த ஏழே உறுப்புகளாகச் சுருங்கிவிட்டன:

10^33/11 + 10^30/2 + 5×10^27/6 - 10^21 + 10^15 - 10^9/2 + 5000/66

பாருங்கள், எல்லாம் 1-க்குப் பின்னால் பூஜ்யங்கள். 11, 2, 6, 66 ஆகியவற்றால் வகுக்கத் தெரிந்தால் போதும். அவர் 1000 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள சாமர்த்தியம் இதுதான்!

சரி, விடையை நம்பலாமா?

32 இலக்கங்களையும் சரிபார்க்க மறுபடி முழுக் கணக்கையும் போட வேண்டுமா? வேண்டியதில்லை. முதலில் கடைசி இலக்கத்தை மட்டும் பார்க்கலாம்.

2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றி வந்து மறுபடி 2-இல் ஆரம்பிக்கும். 3-க்கு 3, 9, 7, 1. எந்த எண்ணை எடுத்தாலும் நான்கு அடுக்குக்கு ஒருமுறை கடைசி இலக்கம் திரும்பி வந்துவிடும். பத்து என்பது இரண்டு நான்குகளும் மீதி இரண்டும். ஆகவே பத்தாம் அடுக்கின் கடைசி இலக்கமும் வர்க்கத்தின் கடைசி இலக்கமும் ஒன்றேதான்! 1 முதல் 10 வரை அவை 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1, 0. கூட்டினால் 45. ஆயிரத்தில் இப்படி 100 பத்துகள். 45 × 100 = 4500. எனவே விடையின் கடைசி இலக்கம் 0 ஆகத்தான் இருக்க வேண்டும். பெர்னோலியின் எண்ணும் 0-வில்தான் முடிகிறது.

ஆனால் இது கடைசி இலக்கத்துக்கு மட்டும்தான் காவல். நடுவில் ஒரு 4 தவறி 7 ஆகியிருந்தால் இதில் தெரியாது. அதற்குத்தான் வியாபாரிகளின் பழைய முறை ஒன்று இருக்கிறது. இலக்கங்களைக் கூட்டி, 9-ஆல் வகுத்து மீதி பார்ப்பது. இத்தாலியின் ஃபிபோனாச்சி 1202-ல் எழுதிய கணக்கு நூலிலேயே இது உண்டு. 1 முதல் 9 வரையான எண்களின் பத்தாம் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதிகள் 1, 7, 0, 4, 4, 0, 7, 1, 0. மொத்தம் 24. இப்படி 111 தொகுதிகள் சேர்ந்தால் 2664. கடைசியாக நிற்கும் 1000-க்கு 1. ஆக 2665, அதன் மீதி 1. பெர்னோலியின் 32 இலக்கங்களைக் கூட்டினால் 109. அதற்கும் மீதி 1. சரியாக இருக்கிறது!

வணிகவியல் மாணவர்களுக்கு இதில் உள்ள ஓட்டையும் தெரிந்திருக்கும். 54 என்பதை 45 என்று இடம் மாற்றி எழுதினால் வித்தியாசம் 9. எனவே இந்தச் சோதனை அதைப் பிடிக்காது. 11-ஆல் வகுத்தால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியதும் மாட்டிக்கொள்ளும். ஃபெர்மா 1640-ல் சொன்ன விதிப்படி, 11-இன் மடங்காக இல்லாத எந்த எண்ணின் பத்தாம் அடுக்குக்கும் மீதி 1. ஆயிரத்துக்குள் 11-இன் மடங்குகள் 90. மற்றவை 910. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 8. பெர்னோலியின் எண்ணில் ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் 64, 45 என்று வரும். வித்தியாசம் 19, மீதி 8. இதிலும் தேறிவிட்டார்!

அதே பக்கத்தில் ஒரு தவறு

பெர்னோலி 1705-ல் இறந்துபோனார். 'ஊகிக்கும் கலை' என்று பொருள்படும் அவருடைய லத்தீன் நூல் எட்டு வருடங்கள் கழித்து, 1713-ல்தான் அச்சானது. அதில் அடுக்குகளின் சூத்திரப் பட்டியலில் ஒன்பதாம் அடுக்குக்கான வரியில் கடைசி உறுப்பின் பின்னம் -1/12 என்று இருக்கிறது. சரியான மதிப்பு -3/20.

இதைப் பிடிக்கப் பெரிய மேதை தேவையில்லை. சூத்திரத்தில் 1000-க்குப் பதில் 1 என்று போட்டுப் பார்த்தால் போதும். ஒரே ஓர் எண்ணின் கூட்டுத்தொகை 1 தானே வர வேண்டும்?

1/10 + 1/2 + 3/4 - 7/10 + 1/2 - 3/20 = 1

அச்சில் உள்ளபடி -1/12 போட்டால் 16/15 வருகிறது. ஒரு நிமிட வேலை! ஆனால் அந்த ஒரு நிமிடச் சோதனை நடக்காமலேயே அந்த வரி அச்சேறிவிட்டது.

இதே பெர்னோலி எண்களைக் கணக்கிட 1843-ல் அடா லவ்லேஸ் ஓர் இயந்திரத்துக்கான படிகளை வெளியிட்டார். முதல் கணினி நிரல் என்று பலரும் சொல்வது இதைத்தான். அதிலும் நான்காவது படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன!

ஆகவே அடுத்த முறை ஒரு பெரிய விடை கையில் கிடைத்தால், அதைப் போட்டவர் எவ்வளவு பெரியவர் என்று பார்க்காதீர்கள். முதலில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். பிறகு 9, பிறகு 11. இந்த மூன்றிலும் தேறினாலும் விடை சரி என்று நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் ஒன்றில் தவறினாலும் விடை நிச்சயம் தப்பு. மூன்றையும் போட்டுப் பார்க்க உங்களுக்கும் ஓர் அரைக்கால் மணி நேரம் போதும்.