ரொறன்ரோவின் சவர்க்காரமும் சாயமும் சீரமும்

கனடாவின் ரொறன்ரோ மாநகரம் உடல் தூய்மைப் பொருள்கள், ஒப்பனைப் பொருள்கள், தோல் பராமரிப்புப் பூச்சுகள் ஆகியவற்றின் தயாரிப்பு மையமாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. டொன் ஆற்றங்கரைச் சவர்க்கார ஆலைகளோடு தொடங்கிய இந்தத் தொழில், 1984இல் பிறந்த மேக் நிறுவனத்தாலும் 2016இல் வெளிவந்த தி ஓர்டினரி வரிசையாலும் உலகறிந்ததாயிற்று. இங்கே உருவான பொருள்களின் பெருமை புதிய மூலக்கூறுகளில் இல்லை. எந்தத் தோலுக்காகச் செய்வது, குப்பிக்குள் இருப்பதை எவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது என்ற இரண்டு கேள்விகளுக்கு இந்த நகரத்தார் தந்த பதில்களே அவற்றைக் கண்டுபிடிப்புகள் ஆக்குகின்றன.

சவர்க்காரத்துக்கு வேண்டியவை கொழுப்பும் காரமும். 19ஆம் நூற்றாண்டின் ரொறன்ரோவில் கொழுப்புக்குப் பஞ்சமே இல்லை. வில்லியம் டேவிஸ் நிறுவனத்தின் பன்றி இறைச்சி ஆலை நகரத்துக்கு ‘பன்றியூர்’ என்ற பட்டப்பெயரையே வாங்கித் தந்திருந்தது. பெரிய கொப்பரையில் கொழுப்பையும் காஸ்டிக் சோடாவையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, பிறகு உப்பைக் கொட்டுவார்கள். சவர்க்காரம் தயிர்போலத் திரண்டு மேலே மிதக்கும்; கிளிசரினும் மிஞ்சிய காரமும் அடியில் தங்கும். மேலே திரண்டதை வழித்தெடுத்து, அச்சில் ஊற்றி, ஆறவைத்து, கம்பியால் அறுத்துக் கட்டிகளாக்குவார்கள். பக்ஸ்லி, டிங்மன் கூட்டு நிறுவனத்தின் ‘கம்ஃபர்ட்’ சவர்க்காரம் அப்படி வந்த பெயர்களில் ஒன்று. அந்த நிறுவனத்தின் பங்காளியான ஆர்ச்சிபால்ட் டிங்மன் பின்னாளில் கல்கரிக்குப் போய் எண்ணெய் தேடினார். 1914இல் ஆல்பர்ட்டாவின் டர்னர் பள்ளத்தாக்கில் எரிவாயுவும் எண்ணெயும் பீறிட்ட கிணற்றுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

இங்கிலாந்தின் லீவர் சகோதரர்கள் 1884இல் அறிமுகப்படுத்திய சன்லைட், தாவர எண்ணெய் சேர்த்து, ஒரே அளவில் வெட்டி, உறையிட்டு விற்கப்பட்ட சவர்க்காரம். அதுவரை கடைக்காரர் பெருங்கட்டியிலிருந்து அறுத்து நிறுத்துக் கொடுப்பதே வழக்கம். டொன் ஆற்றருகே லீவரின் சன்லைட் ஆலை எழுந்தபின், பக்கத்தில் 1886இல் கட்டப்பட்டிருந்த பேஸ்போல் மைதானம் சன்லைட் பார்க் என்றே அழைக்கப்பட்டது. சன்லைட் பார்க் தெரு இன்றும் இருக்கிறது. சற்றுக் கிழக்கே லெஸ்லிவில் பகுதியில் கோல்கேட்-பாமோலிவ் ஆலை இருந்த இடத்தை ஒட்டி கோல்கேட் அவெனியூவும் இருக்கிறது. ஆலைகள் போயின, தெருப் பலகைகளில் பெயர்கள் மிஞ்சின. பின்னாளில் கொழும்பு கிராண்ட்பாஸிலும் லீவர் ஆலை தொடங்கியதால், யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலும் ரொறன்ரோவின் சலவைத் தொட்டியிலும் ஒரே பெயர் சவர்க்காரம் இருந்த காலம் ஒன்று உண்டு.

ஒப்பனைத் துறையில் இந்த மண்ணின் முதல் பெரும்பெயர் எலிசபெத் ஆர்டன். இயற்பெயர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரஹாம். ஊர் நகரத்தின் வடமேற்கே, இன்று வான் நகரின் பகுதியான வுட்பிரிட்ஜ். ரொறன்ரோவில் தாதிப் படிப்பில் சேர்ந்து இடையில் விட்டவர், நியூயோர்க் போய் 1910இல் ஃபிஃப்த் அவெனியூவில் சிவப்புக் கதவு வைத்த அழகு நிலையத்தைத் திறந்தார். 1930இல் அவர் வெளியிட்ட எய்ட் ஹவர் கிரீம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் அடிப்படை பெட்ரோலியம் ஜெல்லி. கூடவே சிறிதளவு சாலிசிலிக் அமிலம். பந்தயக் குதிரைகள் வளர்த்த அவர் இதே களிம்பைக் குதிரைகளின் காலுக்கும் தடவச் செய்தார். அவருடைய ஜெட் பைலட் என்ற குதிரை 1947இல் கென்டக்கி டெர்பியை வென்றது. ஆனால் ஆர்டனின் தொழில் வாழ்க்கை முழுவதும் நியூயோர்க்கிலேயே கழிந்ததால், ரொறன்ரோ வட்டாரம் அவரைப் பெற்ற மண் என்பதற்கு மேல் உரிமை கொண்டாட முடியாது.

மேக் அப்படியல்ல. அது வேரும் கிளையும் இங்கேயே விட்டது. ஒப்பனைக் கலைஞரும் ஒளிப்படக்காரருமான ஃபிராங்க் டொஸ்கனும், சிகை அலங்கார நிலையம் நடத்திய ஃபிராங்க் ஆஞ்சலோவும் அதன் நிறுவனர்கள். கடைகளில் கிடைத்த பூச்சுகள் ஸ்டூடியோ விளக்கின் முன் நிற்கவில்லை. நிறம் வெளிறியது, ஃபிளாஷ் அடித்தால் முகம் மாவு அப்பியதுபோல் தெரிந்தது. வேண்டியதைத் தாங்களே செய்துகொள்வது என்று வீட்டுச் சமையலறை அடுப்பில் காய்ச்சத் தொடங்கினார்கள். வேதியியல் படித்த டொஸ்கனின் மைத்துனர் விக் கசாலே உடனிருந்தார். முதலில் வாங்கியவர்கள் மொடல்களும் சக கலைஞர்களும்தான். 1984 மார்ச்சில் சிம்ப்சன்ஸ் பல்பொருள் அங்காடியில் ஒரே ஒரு விற்பனை மேசையோடு நிறுவனம் முறையாகத் தொடங்கியது. பொன் முலாம் பூசிய பெட்டிகள் ஆண்ட காலத்தில் மேக் சாதாரணக் கறுப்புக் கிண்ணங்களில் வந்தது. மேசைக்குப் பின்னால் கறுப்புடையில் நின்றவர்கள் ஒப்பனைப் பயிற்சி பெற்றவர்கள். விளம்பரம் இல்லை, வாங்கினால் இலவசம் என்ற தூண்டிலும் இல்லை. மினுக்கம் அற்ற கடுஞ்சிவப்பான ‘ரஷ்யன் ரெட்’ உதட்டுச்சாயத்தை மடோனா பூசிக்கொண்டதும் பெயர் உலகமெங்கும் பரவியது.

உதட்டுச்சாயத்தைவிடப் பெரிய சாதனை முகப்பூச்சில் நிகழ்ந்தது. முகப்பூச்சின் நிறம் நான்கு பொடிகளின் கலவையால் வருகிறது: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஒக்சைட், மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு மூன்று வகை இரும்பு ஒக்சைடுகள். வெளிர்தோலுக்கென வகுத்த கலவையில் வெள்ளைப் பொடி மிகுதி. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அதையே கொஞ்சம் அடர்த்தியாக்கி விற்றபோது, தோலின்மேல் சாம்பல் பூத்தது. கருந்தோலுக்கு வெள்ளையைக் குறைத்து, மஞ்சளையும் சிவப்பையும் தனியே அளந்து கூட்ட வேண்டும். மேக் தன் நிறங்களை ஆழத்துக்கு ஓர் எண்ணாகவும், அடிச்சாயலுக்கு இரண்டு எழுத்தாகவும் பிரித்தது. பொன்சாயல் தோலுக்கு என்.சி., இளஞ்சிவப்புச் சாயலுக்கு என்.டபிள்யூ. மாநிறத் தெற்காசியப் பெண்கள் என்.சி. 42 என்றும் 45 என்றும் தங்கள் எண்ணைச் சொல்லி வாங்கும் நிலை வந்தது. இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர்கள் ரொறன்ரோவுக்குப் பெருமளவில் வரத் தொடங்கிய காலமும் அதுவே. கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தவர்கள் ஒரே சுரங்க ரயிலில் போகிற ஊரில், எல்லா வயதினருக்கும் எல்லா இனத்தாருக்கும் எல்லாப் பாலினருக்கும் என்று மேக் அறிவித்ததில் வியப்பில்லை. அதைச் சொல்லோடு விடாமல் நிறப்பொடிக் கணக்கிலும் செய்துகாட்டியதுதான் பாராட்டுக்குரியது.

1994இல் விவா கிளாம் உதட்டுச்சாயம் வந்தது. எய்ட்ஸ் நோய் கலையுலகத்தையும் ஆடையலங்கார உலகத்தையும் சூறையாடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. பெண்வேடக் கலைஞர் ரூபோல் அதன் முதல் முகமானார். பிறகு பாடகி கே. டி. லாங். விற்பனை விலை முழுவதும் எச்.ஐ.வி. உடன் வாழ்வோருக்கான மேக் எய்ட்ஸ் நிதியத்துக்குப் போனது. இலாபத்தில் ஒரு பங்கு அல்ல, விலையே முழுவதுமாக. இதுவரை சேர்ந்த தொகை 50 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டும். அதே 1994இன் இறுதியில் நியூயோர்க்கின் எஸ்தே லோடர் நிறுவனம் மேக்கின் பெரும்பங்கை வாங்கியது. 1997இல் ஆஞ்சலோ காலமானார். 1998இல் நிறுவனம் முழுவதும் கைமாறியது.

கசாலே அதன்பின் இணை நிறுவனராக இருந்து தொடங்கிய கவர் எஃப்.எக்ஸ்., தழும்பும் நிறமாற்றமும் உள்ள தோலை மறைக்கும் பூச்சுகளில் பெயர்பெற்றது. சூசன் லாங்முயர் தொடங்கிய பைட் பியூட்டி, வாடிக்கையாளர் கண்முன்னே நிறம் குழைத்து உதட்டுச்சாயம் வார்த்துக் கொடுத்தது. அது 2022இல் மூடப்பட்டது.

அடுத்த பெரிய அலையைக் கிளப்பியவர் பிராண்டன் டுருவாக்ஸ். ஈரானில் பிறந்து, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர். 2013இல் டெசியம் நிறுவனத்தைத் தொடங்கினார். நிக்கோலா கில்னர் இணை நிறுவனர். 2016இல் வந்த தி ஓர்டினரி வரிசையில் பொருளின் பெயரே மூலப்பொருளும் அதன் அளவும்தான். ‘நியாசினமைடு 10% + சிங்க் 1%’ என்று மருந்துக் குப்பிபோல எழுதி, ஏறத்தாழ 6 டொலருக்கு விற்றார்கள். இந்த மூலப்பொருள்கள் எவையும் புதியவையல்ல, விலை உயர்ந்தவையும் அல்ல என்று டெசியம் சொன்னது. ‘இளமையின் இரகசியம்’ என்று கனவு விற்ற கடைத்தட்டில் அது பெரிய அதிர்ச்சி. வாங்குபவர்கள் விழுக்காடும் அமிலத்தன்மையும் கேட்கப் பழகினார்கள். மற்ற நிறுவனங்களும் தங்கள் குப்பிகளின் முகப்பில் அளவை எழுத வேண்டியதாயிற்று.

அந்த 30 மில்லிலீற்றர் நியாசினமைடு சீரக் குப்பியின் பட்டியலைப் படிப்பவருக்கு ஒரு பழைய அறிமுகம் காத்திருக்கிறது. நீர், நியாசினமைடு, பென்டிலீன் கிளைகோல், சிங்க் பி.சி.ஏ. என்று போகும் வரிசையில் ‘டாமரிண்டஸ் இண்டிகா’ விதைப் பிசின் வருகிறது. புளியங்கொட்டைதான். நெசவில் பாவுக்குக் கஞ்சி போட உதவிய அதே பசை, இங்கே நீரைப் பிடித்துவைத்து சீரத்துக்கு வழவழப்பைத் தருகிறது.

நியாசினமைடும் தெற்காசியாவுக்குப் புதிதல்ல. இது வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். தோலின் நிறமிச் செல்களில் உருவாகும் மெலனின் பொதிகள் மேல்தோல் செல்களுக்குக் கைமாறுவதை இது மட்டுப்படுத்துகிறது. தோலின் நீர்த்தடையை வலுப்படுத்துகிறது. எண்ணெய்ச் சுரப்பையும் ஓரளவு குறைக்கிறது. இந்துஸ்தான் லீவர் 1971இல் இதற்குக் காப்புரிமை பெற்று, 1975இல் ஃபேர் அண்ட் லவ்லியை இறக்கியது. கறுப்பு ஒரு குறை, சிவப்பு ஒரு தகுதி என்று பெண்களை நம்பவைத்த விளம்பரங்கள் பல பத்தாண்டுகள் ஓடின. 2020இல்தான் பெயர் குளோ அண்ட் லவ்லி ஆனது. அதே மூலக்கூறு ரொறன்ரோவிலிருந்து தன் சொந்தப் பெயரோடு, எந்த நிறத்தையும் தாழ்த்தாமல் வந்தது. மாநிறத் தோலில் பரு ஆறியபின் கருந்தழும்பு நெடுநாள் தங்குவது வழக்கம். அதற்குத் தீர்வு தேடும் ஒருவர் நியாசினமைடை வாங்குவதும், வெளுப்பதற்காக வாங்குவதும் ஒன்றாகாது.

டுருவாக்ஸின் முடிவு துயரமானது. 2018 ஒக்டோபரில் எல்லாக் கடைகளையும் மூடுவதாக அவர் திடீரென அறிவித்தார். நீதிமன்றம் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கியது. 2019 ஜனவரியில் ரொறன்ரோவில் 40 வயதில் அவர் இறந்தார். கில்னர் நிறுவனத்தை நிலைப்படுத்தினார். 2017இல் பங்கு வாங்கியிருந்த எஸ்தே லோடர், 2021இல் பெரும்பங்கையும் 2024இல் மீதியையும் எடுத்துக்கொண்டது. மொத்த விலை ஏறத்தாழ 170 கோடி அமெரிக்க டொலர். நகரத்தின் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகளும் ஒரே நியூயோர்க் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன.

கனடியச் சட்டம் இந்தத் தொழிலை இறுக்கமாகவே பிடித்திருக்கிறது. ஒரு பொருளை முதன்முறை விற்ற 10 நாள்களுக்குள் அதன் சேர்மானத்தை ஹெல்த் கனடாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தடைசெய்யப்பட்டவையும் அளவு கட்டுப்படுத்தப்பட்டவையும் ‘ஹொட்லிஸ்ட்’ என்ற பட்டியலில் இருக்கின்றன. பழ அமிலங்கள் வீட்டுப் பாவனையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அந்தப் பட்டியல். இதனால் தி ஓர்டினரியின் புகழ்பெற்ற 30 விழுக்காட்டுச் செந்நிறத் தோலுரிப்புக் கரைசல், பிறந்த நாட்டின் கடைகளிலிருந்தே விலக நேர்ந்தது. வெயில்காப்புப் பூச்சு ஒப்பனைப் பொருளாகவே கருதப்படாது. மருந்துக்கோ இயற்கைச் சுகாதாரப் பொருளுக்கோ உரிய எண் பெற்றால்தான் விற்கலாம்.

முகம் தேய்த்துக் கழுவும் களிம்புகளில் இருந்த நுண்பிளாஸ்டிக் மணிகள் வடிகால் வழியே பேரேரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது 2012இல் எடுத்த மாதிரிகளில் தெரியவந்தது. ரொறன்ரோ குடிக்கும் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியினுடையது. 2018 ஜனவரி 1 முதல் இத்தகைய களிம்புகளின் உற்பத்தியும் இறக்குமதியும், ஜூலை 1 முதல் விற்பனையும் தடைசெய்யப்பட்டன. அந்த இடத்துக்கு ஹொஹோபா மெழுகு மணியும் விதைத்தூளும் வந்தன. 2023 டிசம்பர் 22 முதல் ஒப்பனைப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதும் குற்றம்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள தமிழ்க் கடைகளில் இலங்கையின் ராணி சந்தனமும் கொஹொம்பவும், மைசூர் சாண்டலும், 1969இல் சென்னையில் டாக்டர் வி. பி. சித்தன் உருவாக்கிய மெடிமிக்ஸும் அடுக்கியிருக்கும். அதே தட்டுகளுக்கு வெளுப்புக் களிம்பும் கண்மையும் வருவதுண்டு. சில வெளுப்புக் களிம்புகளில் உள்ள பாதரச உப்பு மெலனின் உண்டாக்கும் நொதியை முடக்குவதால் தோல் வெளுக்கும்; கூடவே சிறுநீரகமும் கெடும். சில கண்மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் இருப்பதைச் சுட்டி ஹெல்த் கனடா எச்சரிக்கைகள் விடுத்திருக்கிறது. பாதரசமும் ஈயமும் ஹொட்லிஸ்டில் தடைசெய்யப்பட்டவை. குழந்தையின் கண்ணுக்கு மையிடும் வழக்கம் உள்ள வீடுகளில் இது பேசப்பட வேண்டிய செய்தி.

2006 முதல் எல்லா ஒப்பனைப் பொருள்களின் உறையிலும் சேர்மானப் பட்டியல் கட்டாயம். அதில் ‘வாசனை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ பொருள்கள் ஒளிந்திருந்தன. 2024இல் திருத்தப்பட்ட விதிகள் அந்தச் சொல்லையும் பிரித்துக் காட்டச் சொல்கின்றன. ஒவ்வாமை தரக்கூடிய லினலூல், லிமோனீன், ஜெரானியோல் போன்றவை கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டையும், தோலில் தங்கும் பொருளில் 0.001 விழுக்காட்டையும் தாண்டினால் பெயர் சொல்லியே எழுத வேண்டும். ரொறன்ரோவில் செய்த சீரத்துக்கும் கொழும்பிலிருந்து வரும் சந்தனச் சவர்க்காரத்துக்கும் விதி ஒன்றுதான்.