நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு ஒரு பழைய கணக்கு



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பிள்ளை பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறாள். கையில் இரண்டு வேலை. ஒன்று, தோல், முடி அழகுக்கான கிளினிக். நைட் டியூட்டி கிடையாது, சம்பளமும் கூடுதல். இன்னொன்று, பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரல் வார்டு. சம்பளம் குறைவு, வேலை அதிகம். "எதுக்குப் போகட்டும் தாத்தா?" என்று கேட்டாள். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனிடம் கேட்டால் கதைதானே வரும்? பாதியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். இந்த வருஷம் முடித்த மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் 'கைவிளக்கேந்திய காரிகை' என்று எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். விளக்கோடு பாடத்தை முடித்துவிடுவேன். அது அரைப் பாடம் என்பது ஓய்வு பெற்றபின் சாவகாசமாகப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

1854 நவம்பர், கிரிமியப் போர். துருக்கியில் ஸ்கூட்டாரி என்ற இடத்திலிருந்த பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரிக்கு 38 பெண்களோடு போய் இறங்கினார். வயது 34. ராணுவ டாக்டர்களுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. அவர் சண்டை போடவில்லை. டாக்டர் கூப்பிடும்வரை யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று தன் பெண்களை நிறுத்தி வைத்தார். சில நாளில் இன்கர்மன் சண்டையில் காயம்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். டாக்டர்களே கூப்பிட்டார்கள். (புது இடத்தில் சீனியர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அழுகிற பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.)

துணி துவைப்பது, சாப்பாடு, படுக்கை எல்லாவற்றையும் சீர் செய்தார். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, ஏறியது! 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காயத்தால் அல்ல, பேதியும் காய்ச்சலும்தான். கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை தேங்கிக் கிடந்தது. மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு தோண்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் தண்ணீர், அழுகிய குதிரைப் பிணத்தின் மேல் ஓடி வந்துகொண்டிருந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்று வர வழி செய்தார்கள். ஜூனில் நூற்றுக்கு 2 பேர்தான் இறந்தார்கள்.

ஊர் திரும்பியபோது நாடே அவரைக் கொண்டாடியது. அதோடு விட்டிருக்கலாம். அவரோ வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து இறந்தவர்களின் கணக்கைப் போட்டார். எல்லாவற்றிலும் மோசம் தான் இருந்த ஸ்கூட்டாரிதான் என்று வந்தது. மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் அதை மூடி வைக்கவில்லை. 1858-ல் வண்ணப் படமாக வரைந்து அச்சிட்டு, அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அனுப்பினார். அதே வருஷம் லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரில் நர்சிங் பள்ளி வந்தது அதற்குப் பிறகு, 1860-ல்.

பாப்பா, ஜெனரல் வார்டுக்குப் போ என்று நான் சொல்வது இதனால்தான். முதல் இரண்டு வருஷம் சம்பளத்தைவிட, பார்க்கவும் எழுதவும் கற்றுக்கொள்ளும் இடம் முக்கியம். உங்கள் பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நைட் டியூட்டியில் இருந்த ஒரு சின்னப் பெண்தான் சார்ட்டைப் பார்த்து, சாயங்காலத்திலிருந்து சிறுநீர் குறைந்துகொண்டே போகிறது என்று கண்டுபிடித்தாள். தயங்காமல் டாக்டரை எழுப்பினாள். வேலையில் சேர்ந்து ஏழு மாதம்தானாம். அந்த சார்ட்டை யாரோ ஒப்புக்கு நிரப்பியிருந்தால் இன்று எனக்குக் காபி போட்டுத் தர ஆள் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். நர்ஸுகளைப் பதிவு செய்வதை நைட்டிங்கேல் கடைசிவரை எதிர்த்தார். நல்ல குணத்தைப் பதிவேட்டில் எழுத முடியாது என்பது அவர் கட்சி. இதில் நான் அவர் பக்கம் இல்லை. நம் சென்னை மாகாணத்தில் 1926-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் உங்கள் படிப்புக்கு மதிப்புத் தருவது அந்தப் பதிவுதான். ஆகவே நர்சிங் கவுன்சில் பதிவை முதலில் முடி.

அடுத்தது ஒரிஜினல் சான்றிதழ். சரிபார்க்கக் காட்டு, நகல் கொடு, ஒரிஜினலைக் கையோடு வாங்கி வா. என் மாணவி ஒருத்தி ஓரிடத்தில் கொடுத்துவிட்டு, நல்ல வேலை கிடைத்தபோது திரும்ப வாங்க எட்டு மாதம் அலைந்தாள். அதற்குள் அந்த வேலை போய்விட்டது. வெளிநாடு போக ஆசை இருந்தாலும் தப்பில்லை. வளைகுடாவில் பெரும்பாலும் இரண்டு வருஷ வார்டு அனுபவம் கேட்கிறார்கள். லட்சக்கணக்கில் ஏஜெண்டிடம் கொடுக்குமுன், 1978 முதல் நடக்கிற நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கச் சொல் உன் அப்பாவை.

என்ன முடிவு செய்தாய் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, பாப்பா. அப்பா விட்டுப்போன குடை இங்கேதான் இருக்கிறது.