பதினேழு வயதும் இருநூற்று ஐம்பது சிசியும்

வரும் மார்ச் 1-ஆம் தேதி தாய்லாந்தின் புரிராம் நகரில் 2026-ஆம் ஆண்டுக்கான மோட்டோ ஜிபி உலக சாம்பியன் பட்டப் பருவம் தொடங்குகிறது. மொத்தம் 22 சுற்றுகள். பிரேசிலின் கோயானியா நகரம் பல்லாண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஊடக வெளிச்சம் அனைத்தும் வழக்கம்போல ஆயிரம் சிசி பிரிவின்மீதே விழும். அதே ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் மாடங்கள் முழுமையாக நிரம்பும் முன்னரே நடந்து முடிந்துவிடும் மோட்டோ3 பந்தயத்தைத்தான் நான் பல ஆண்டுகளாகத் தவறாமல் பார்த்து வருகிறேன். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அப்பந்தயத்தைப் பார்த்து எழும்போது உள்ளங்கை வியர்த்திருக்கும்.

இருசக்கர வாகனப் பந்தயத்தின் உலக சாம்பியன் பட்டப் பிரிவுகளில் மிக இலகுவானது இது. பழைய 125 சிசி டூ ஸ்ட்ரோக் பிரிவுக்கு மாற்றாக 2012-இல் தொடங்கப்பட்டது. ஒற்றை சிலிண்டர், 250 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். சிலிண்டரின் விட்டம் 81 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. இன்ஜின் நிமிடத்துக்கு 13,500 சுழற்சிகளைத் தாண்டக் கூடாது. வண்டியும் அதில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 152 கிலோ இருந்தால் போதும். நம் சாலைகளில் ஓடும் புல்லட்டின் எடை மட்டுமே இதைவிட அதிகம். அத்தகைய வண்டி நீண்ட நேர்பாதைகளில் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

இப்பிரிவின் கவர்ச்சிக்குக் காரணம் வேகம் அன்று, நெரிசல். இன்ஜினின் ஆற்றல் குறைவு என்பதால் காற்றின் எதிர்ப்பே இங்கு முதற்பகை. முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் அந்த எதிர்ப்பு குறையும். நேர்பாதை முடியும் தறுவாயில் விலகி வெளியே வந்து அவரை முந்தலாம். அப்படி முந்தியவரை அடுத்த சுற்றில் வேறொருவர் அதே உத்தியால் முந்துவார். எனவே எவராலும் எளிதில் தனித்து ஓடிவிட முடியாது. பத்துப் பதினைந்து பேர் ஒரே கொத்தாக, ஒருவர் முழங்கை மற்றவர்மீது உரச, கடைசி வளைவுவரை வருவார்கள். தகுதிச் சுற்றிலும் இதே கதைதான். பின்தொடர்வதற்கு ஒரு முதுகு கிடைக்காதா என்று பாதையில் மெதுவாக ஊர்ந்து காத்திருப்போருக்கு ஆண்டுதோறும் தண்டனை விதிக்கிறார்கள், பழக்கம் ஓய்ந்தபாடில்லை.

2024-இல் கொலம்பியாவின் டேவிட் அலோன்சோ ஒரே பருவத்தில் 14 வெற்றிகளைக் குவித்தது இந்த விதியை மீறிய அபூர்வம். சென்ற ஆண்டு ஸ்பெயினின் ஹோசே அன்டோனியோ ருவேடா, பருவம் முடியும் முன்னரே இந்தோனேசியாவில் பட்டத்தை உறுதி செய்தார். அவரும், இரண்டாம் இடம் பெற்ற ஆங்கெல் பிகேராஸும் மோட்டோ2 பிரிவுக்கு உயர்ந்துவிட்டதால் இவ்வாண்டு களம் திறந்து கிடக்கிறது. கேடிஎம், ஹோண்டா ஆகிய இரு நிறுவனங்களின் வண்டிகளே போட்டியிடுகின்றன. டயர் அனைவருக்கும் பைரெல்லி. ஸ்பெயினின் மாக்சிமோ கிலெஸ் பட்டத்துக்கு முதல் உரிமையாளராகக் கருதப்படுகிறார். ரூக்கீஸ் கோப்பையை வென்ற பிரையன் உரியார்த்தே, அதில் இரண்டாம் இடம் பெற்ற இந்தோனேசியாவின் வேதா பிரதமா ஆகியோர் புதுமுகங்கள். ஆசியாவிலிருந்து ஓர் இளைஞர் இவ்வளவு எதிர்பார்ப்புடன் வருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், இப்புதுமுகங்கள் இருவருக்கும் வயது 17. விதிப்படி குறைந்தபட்ச வயதோ 18.

இந்த விதி பிறந்த கதை துயரமானது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் முஜெல்லோ தடத்தில், மோட்டோ3 தகுதிச் சுற்றில் விழுந்த சுவிட்சர்லாந்து வீரர் ஜேசன் துபாஸ்கியே மறுநாள் உயிரிழந்தார். அவருக்கு வயது 19. ஜூலையில் ஸ்பெயினின் அரகோன் தடத்தில், ஐரோப்பிய இளையோர் கோப்பைப் பந்தயத்தில் 14 வயதுச் சிறுவன் இறந்தான். செப்டம்பரில் ஹெரெஸ் தடத்தில், 300 சிசி பந்தயத்தில், 2013-இன் மோட்டோ3 சாம்பியன் மவெரிக் வினியாலஸின் உறவினரான 15 வயதுச் சிறுவன் இறந்தான். மூவரும் விழுந்ததனால் மட்டும் சாகவில்லை. விழுந்து கிடந்தவர்கள்மீது பின்னால் வந்த வண்டிகள் மோதின. கொத்தாக ஓடும் பந்தயத்தில் பின்னால் வருபவருக்கு விலக இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவ்வாண்டு அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்காவில் நேர்பாதையில் மற்றொருவரின் குறுக்கே நகர்ந்து பெரும் விபத்துக்குக் காரணமான துருக்கி வீரர் தெனிஸ் ஓன்சுவுக்கு இரு பந்தயங்கள் தடை விதிக்கப்பட்டது. அந்த மாதமே புதிய வயது வரம்புகள் அறிவிக்கப்பட்டன. 2023 முதல் மோட்டோ3-க்கு 18, ரூக்கீஸ் கோப்பைக்கு 15, இளையோர் கோப்பைகளுக்கு 14.

கூடவே ஒரு விதிவிலக்கும் வந்தது. கீழ்நிலைத் தொடர்களில் முன்னிலை இடம் பெறுவோர் 17 வயதிலேயே உலகத் தொடரில் நுழையலாம். அந்த வாசல் வழியாகத்தான் திறமையாளர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். மிகச் சிறந்தவர்கள் அனைவரும் விதிவிலக்கில் நுழைந்தால், விதி யாருக்காக என்று எனக்கு விளங்கவில்லை.

எதிர்வாதம் வலுவானது என்பதையும் சொல்ல வேண்டும். பெத்ரோ அகோஸ்தா 2021-இல் 16 வயதில் தோஹாவில் பிட் லேனிலிருந்து கடைசியாகப் புறப்பட்டு வென்றார். அவ்வாண்டே 17 வயதில் உலக சாம்பியன் ஆனார். இன்றைய விதியில் அவர் அந்தப் பந்தயத்தின் தொடக்கக் கோட்டுக்கே வந்திருக்க முடியாது. மார்க் மார்கெஸ் 125 சிசி பிரிவில் அறிமுகமானபோது வயது 15. இன்னொரு உண்மை வயது வரம்பை ஆதரிக்கும் என்னைப் போன்றோருக்கு மேலும் சங்கடமானது: துபாஸ்கியேவுக்கு 19 வயது. சென்ற அக்டோபரில் மலேசியாவின் செபாங் தடத்தில், பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய ஆயத்தச் சுற்றில் ருவேடாவின் வண்டி மோதிப் படுகாயமுற்று உயிர் பிழைத்த சுவிஸ் வீரர் நோவா தெட்வைலருக்கு 20 வயது. பதினெட்டைத் தாண்டியவர் என்பதற்காக இரும்பு விலகிப் போவதில்லை.

அப்படியானால் வயது வரம்பு எதற்கு? ஆபத்து அனைவருக்கும் ஒன்றே. அதற்கு இசைவு தரும் தகுதி ஒன்றன்று. பதினான்கு வயதில் ஒரு சிறுவன் பந்தய வண்டியில் ஏறுவது தன் முடிவினால் மட்டும் அன்று. தந்தையின் சேமிப்பு, அணியின் ஒப்பந்தம், விளம்பரதாரரின் எதிர்பார்ப்பு என எல்லாம் அவனுக்கு முன்பே வண்டியில் ஏறி அமர்ந்திருக்கின்றன. ‘இன்று எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லும் வாய்ப்பு அவனுக்கு உண்மையில் இல்லை. இருபது வயது இளைஞர் அதைச் சொல்லலாம். சொல்லாமல் ஓடினால் அது அவருடைய தேர்வு.

இது அயல்நாட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பந்தய உலகத்துடன் இந்தியாவுக்கு உறவு உண்டு. மஹிந்திரா நிறுவனம் 2012 முதல் 2017 வரை மோட்டோ3-இல் போட்டியிட்டது. 2016-இல் நெதர்லாந்தின் ஆசென் தடத்தில் அதற்கு முதல் வெற்றியைத் தேடித் தந்த பிரான்செஸ்கோ பன்யாயா பின்னாளில் இருமுறை மோட்டோ ஜிபி சாம்பியன் ஆனார். அதற்கும் முன்பே, 2011-இல், சென்னை இளைஞர் சரத்குமார் 125 சிசி உலகத் தொடரில் களமிறங்கியிருந்தார். ஒருமுறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கம்பி வேலியருகே நின்று உள்ளூர்ப் பந்தயம் ஒன்றைப் பார்த்தேன். தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் ஓட்டியவன் மீசை அரும்பாத பையன் என்பது தெரிந்தது. அவன் தாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவன் வாங்கவில்லை, நேரப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே தடத்தில் 2023 ஆகஸ்டில் தேசியப் பந்தயத்தின்போது பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விபத்தில் உயிரிழந்தான். ஐரோப்பா தன் இளையோர் கோப்பைகளின் வயது வரம்பை 14-ஆக உயர்த்திய அதே ஆண்டு அது.

ஆகவே புரிராமில் விளக்கணைந்து வண்டிகள் சீறிப் புறப்படும்போது நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்; இந்த முரண்பாட்டை மறைக்க விரும்பவில்லை. ஆனால், 17 வயது விதிவிலக்கை நீக்கினால் திறமை வாடிப்போகும் என்போர் கிலெஸின் சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். 2008 மார்ச் 19-இல் பிறந்த அவருக்கு 17 வயது நிறைவடையாததால் தாய்லாந்து, அர்ஜென்டினா ஆகிய முதல் இரு பந்தயங்களில் அனுமதி கிடைக்கவில்லை. பிறந்தநாள் வரும்வரை வீட்டில் காத்திருந்தார். பருவ இறுதியில் அவர் பெற்றது மூன்றாம் இடம்.