கற்பிட்டி: நீர் சூழ்ந்த நிலமும் அதன் பெயர்களும்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் ஓட, இடையே அமைந்த ஊர் திருவரங்கம். 'அரங்கம்' என்னும் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்ற பொருளும் உண்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடப்போர் அப்பொருளை நேரில் காண்கின்றனர். அரபியில் இதற்கு நெருங்கிய சொல் 'ஜஸீரா'. திஜ்லா, ஃபுராத் ஆறுகளுக்கு இடைப்பட்ட வடபகுதியை அரபியர் அல்ஜஸீரா என்றனர். மூன்று புறம் மட்டுமே கடல் சூழ்ந்த தம் தாயகத்தையும் ஜஸீரத்துல் அரப் என்றே வழங்கினர். தீவா, தீபகற்பமா என்ற வேறுபாட்டைவிட, நீரால் பிரிக்கப்பட்டிருத்தலே அப்பெயரில் முதன்மை பெற்றது.

அத்தகைய நிலம் ஒன்று இலங்கையின் வடமேற்குக் கரையில் உள்ளது. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் கடனீரேரி. இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலமே கற்பிட்டி. கல், பிட்டி என்னும் இரு சொற்களின் புணர்ச்சி இது. பிட்டி என்பது மேட்டு நிலம். சிங்களவர் 'கல்பிட்டிய' என்பர். அம்மொழியிலும் கல்லும் திறந்த வெளியும் அதன் பொருளாகின்றன. ஒரே பெயருக்கு இரு மொழியாரும் உரிமையுடையர்.

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில், கி.பி. 1344இல், மாலத்தீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவைக் காற்று இக்கடற்பகுதிக்குத் திருப்பியது. அவர் கரையிறங்கிய 'பத்தாலா' புத்தளம் என்பர். பாரசீக மொழி அறிந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்குச் செல்லத் துணையும் அளித்தார். கரையில் ஒதுங்கிய கறுவாக் கட்டைகளை மஃபர் மக்கள் எடுத்துக்கொண்டு, ஈடாக மன்னருக்குத் துணி வழங்கியதையும் அவர் குறித்துள்ளார்.

பின்னர் வந்தோர் படையுடன் வந்தனர். கண்டி அரசரின் கடல் வாணிகத்தைக் கட்டுப்படுத்த டச்சுக்காரர் 1667 முதல் 1676 வரை பவளக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கொண்டு இங்கே கோட்டை எழுப்பினர். ஊர்ப்பெயர் அவர்கள் ஏடுகளில் 'கல்பென்டைன்' எனத் திரிந்தது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று வரைபடத்தில் போர்த்துகல் குடா, டச்சுக் குடா என அந்நியர் பெயர்கள் நீரில் மட்டுமே தங்கியுள்ளன. நிலமோ தன் பழம்பெயரைக் காத்துக்கொண்டது. இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் தொகுத்து 1834இல் நூலாக்கிய சைமன் காசிச்செட்டி இம்மண்ணில் பிறந்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். மன்னார் முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் படகேறி வந்து சேர்ந்தது கற்பிட்டிக் கரைக்கே. புத்தளப் பகுதி முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். மதீனத்து அன்சாரிகளின் முன்மாதிரி அன்று நினைவுக்கு வந்திருக்கும். ஆயினும் முகாம்கள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. நிலமும் நீரும் தொழிலும் பங்கிடப்பட வேண்டிய நிலையில், 'அகதி' என்னும் சொல் நிலைத்தது; அங்கேயே பிறந்த பிள்ளைகளையும் அது தொடர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினர், பலர் தங்கிவிட்டனர்.

முஹாஜிர் என்ற பெயர் இஸ்லாமிய வரலாற்றில் இழிவாகக் கருதப்பட்டதில்லை. தியாகத்தின் அடையாளமாகவே மதிக்கப்பட்டது. வந்தேறியோர் இட்ட பெயர்களை உதறித் தன் பெயரைக் காத்த நிலத்தில், புகலிடம் தேடி வந்த மக்களுக்கும் அவர்கள் தாமே விரும்பி ஏற்கும் பெயர் கிடைக்க வேண்டும். கற்பிட்டியின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைக்கு ஒதுக்கும் பக்கங்களை அப்படகுகளுக்கும் ஒதுக்குவது முறை.